அவினாசியில் நான் சொன்ன விளக்கம்

கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் போர்ட்டர் என் தகரப் பெட்டியைக் கீழே போட்டான். கொழும்பிலிருந்து புடவைகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த கித்துள் பாணிப் புட்டி உள்ளே உடைந்தது. கித்துள் பாணி என்பது எங்கள் பக்கத்துப் பனைப்பாகு. என் தங்கை மரகதத்துக்குச் சிறுவயதிலிருந்தே அதன்மேல் உயிர். அது பெட்டியின் இடுக்கு வழியாக ஒழுகிப் பிளாட்பாரத்தில் சொட்டுவதைப் பார்த்தபடி நான் சண்டைக்குத் தயாரானேன். கொழும்பாக இருந்தால் அரைமணி நேரம் போயிருக்கும்.

அந்த ஆள் தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சுங்க அம்மணி. மன்னிச்சுக்கோங்க" என்றான்.

"மன்னிச்சா புடவையெல்லாம் சுத்தமாயிடுமா?" என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அதான் தப்புன்னு சொல்லிப்போட்டானுங்களே" என்றார் வெற்றிலைக்காரர், மிகவும் மரியாதையாக. அவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. முடிக்காமல் இழுத்துக்கொண்டிருப்பவள் நான்தான். வாயை மூடிக்கொண்டு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

இந்தச் சீமையைப் புரிந்துகொள்ள அந்தப் பிளாட்பாரமே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள், நோயாளி வாசலில் கால் வைக்கும்போதே நடையைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. இந்தக் கட்டுரை அந்தக் கர்வத்தைப் பற்றியது. கோயமுத்தூரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று வாசிக்க உட்கார்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

எங்கள் அப்பா சோமனூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, கொழும்புக்குத் துணி விற்கப் போய் அங்கேயே தங்கியவர். நான் நர்ஸுக்குப் படித்துக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். மரகதத்தைச் சோமனூரிலேயே உறவில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு நான் இந்தப் பக்கம் வந்ததில்லை. போன மாதம் ஒரு கடிதம் வந்தது. "அவருக்கு ஆடியில் கைகால் இழுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது நடக்கிறார், தறி ஓட்டுகிறார். ஆனால் வேறு ஒன்று வந்திருக்கிறது. அதை எழுத முடியாது. அதனால் வசந்தா கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. நீ வா." வசந்தா அவர்களுடைய ஒரே பெண். இரண்டு வாரத்துக்கு விசா வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சோமனூர் பஸ் கருமத்தம்பட்டிக்கு இந்தப் பக்கம் புகைவிட்டு நின்றது. டிரைவர் அடியில் படுத்துக்கொண்டார். பிரயாணிகள் ஒருவர்கூட முணுமுணுக்காமல் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். கொழும்பு பஸ்ஸில் இதற்குள் கண்டக்டரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் மடியிலிருந்து வேகவைத்த கடலைக்காயை எடுத்து, நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் என் கையில் கொட்டினார்.

எதிரே வெள்ளை வேட்டிப் பெரியவர்கள் இரண்டு பேர் தெலுங்கில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். அந்த அம்மாள் கடலைக்காயை உரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். எவ்வளவு பெரிய மில் வைத்து என்ன பிரயோஜனம், சொந்த அண்ணன் செத்ததற்குத் தம்பி வரவில்லையே என்கிறாராம் ஒருவர். இப்போதாவது வந்து ஒருதரம் கையைத் தொட்டுவிட்டுப் போகட்டும், அத்தோடு விட்டுவிடலாம் என்கிறாராம் மற்றவர்.

"எந்தக் கையை?"

"எழவூட்ல ஆம்பளைங்க கையை நீட்டிட்டு வரிசையா நிப்பாங்க அம்மணி. வர்றவங்க ஒவ்வொரு கையா தொட்டுப்போட்டுப் போயி உக்காருவாங்க. பேச்சு ஒண்ணும் வேண்டாமுங்க. தொட்டாச் செரி."

எனக்கு அது பிடித்திருந்தது. சாவு வீட்டில் பேசுகிற பேச்சுத்தான் சாவை விட மோசம் என்று வார்டில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நல்ல பழக்கம் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து பஸ் கிளம்பியது.

மரகதம் வீட்டில் அன்று அரிசியும்பருப்பும் சாதம். அரிசியையும் பருப்பையும் சேர்த்துப் பொங்கி, மேலே நெய்யை ஊற்றிச் சுடச்சுடப் போடுவார்கள். தேங்காய்ப்பாலும் மாசிக் கருவாடும் தின்று செத்துப்போயிருந்த என் நாக்கு உயிர்பெற்று எழுந்தது. தங்கையின் புருஷர் நஞ்சப்பன் எனக்கு எதிரே தட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது, ஒல்லியான மனிதர். வாயின் வலது ஓரம் மட்டும் கொஞ்சம் தொங்கியிருந்தது. "பயணம் நல்லா இருந்துச்சுங்களா அக்கா? பஸ்ல நெம்ப அலைச்சலா?" என்று பதமாக விசாரித்தார். இவருக்கு என்ன வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சுவாக்கில், அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது, கடைசி நாட்களில் மரகதத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன்.

நஞ்சப்பன் சிரித்தார்.

முதலில் விக்கல் மாதிரி ஒன்று. பிறகு தோள்கள் குலுங்கின. பிறகு வீடு முழுக்கக் கேட்கிற பெரிய சிரிப்பு. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அந்தக் கண்கள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். வசந்தா எழுந்து வந்து, அப்பாவின் கையிலிருந்த தட்டத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பு ஓயும்வரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழகிப்போன கை அது.

"மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார் நஞ்சப்பன், மூச்சு திரும்பியதும். "எனக்கு அத்தைன்னா உசுருங்க. உள்ள அழுதுட்டுத்தான் இருந்தேன். வெளிய இப்படி வருதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வார்டில் இதே மாதிரி மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பையும் அழுகையையும் உண்டாக்குகிற இடம் மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. யார் முன்னால், எப்போது, எவ்வளவு என்று பார்த்து அதை வெளியே விடுகிற இடம் மேலே இருக்கிறது. நடுவில் ஓடும் நரம்பு பக்கவாதத்தில் அறுந்துவிட்டால் மேலிடத்துக் கட்டளை கீழே போய்ச் சேராது. துக்கமோ கூச்சமோ எது வந்தாலும் கீழே உள்ளது தன்பாட்டுக்குச் சிரித்துவிடும். மனிதன் உள்ளே பழைய மனிதனாகவே இருப்பான், முகம்தான் அவன் சொல் கேட்காது.

மறுநாள் காலையில் தறிக்கொட்டகையில் வைத்து அவருக்கு இதைச் சொன்னேன். இரண்டு விசைத்தறிகள் போட்ட சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. அவர் தறியை நிறுத்திவிட்டு, நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் காட்டினார்.

"இந்த நூலு அறுந்துச்சுன்னா தறி தன்னால நின்னுபோகோணும் அக்கா. அதுக்குன்னு இங்க ஒரு சின்ன முள்ளு வெச்சிருக்குதுங்க. முள்ளு கெட்டுப்போச்சுன்னா, நூலே இல்லாம தறி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். அப்படிங்களா?"

"அப்படியேதான்."

"அப்ப எனக்கு அந்த முள்ளு போயிருச்சு" என்றார். முகம் தெளிந்துவிட்டது. ஆறு மாதமாகத் தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்துகொண்டிருந்த மனிதர். அன்று நான் செய்தது உதவி. அதை இப்போதும் மறுக்க மாட்டேன். அத்தோடு கொழும்புக்குத் திரும்பியிருக்கலாம்.

கல்யாண விஷயத்தை மரகதம் மாவாட்டிக்கொண்டே சொன்னாள். வசந்தாவை அவினாசியில் அங்கண்ணன் என்கிற நூல் வியாபாரியின் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிறது. வைகாசியில் கல்யாணம். மார்கழியில் அங்கண்ணனின் அண்ணன் இறந்துபோனார். சம்பந்தி வீட்டுச் சாவு, நஞ்சப்பன் போகாமல் இருக்க முடியுமா? போனார். பந்தலில் ஆண்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதல் கை அங்கண்ணனுடையது. இவர் அந்தக் கையைத் தொட்டார், சிரிப்பு வந்துவிட்டது. அங்கண்ணனின் கையைப் பிடித்தபடியே, ஊரும் உறவும் பார்க்க, பிணத்துக்கு முன்னால் நின்று சிரித்தார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்னக்கா. ஒருத்தரும் ஒரு வார்த்தை வையலை. அங்கிருந்து ஆள் வர்றது நின்னுபோச்சு."

இந்த ஊர்க்காரர்களுக்குக் கோபமே வராது என்று நான் நினைத்திருந்தேன். வரும். வந்தால் குரல் இறங்கிவிடும், மரியாதை கூடிவிடும், வருவது போவது நின்றுவிடும். அவ்வளவு கோபத்துக்கும் ஒரு வழியும் வைத்திருந்தார்கள். போன வாரம் உறவில் இரண்டு பெரியவர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவினாசிக் கோயில் மண்டபத்தில், நாலு பேர் முன்னால், நஞ்சப்பன் வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, தப்பு நடந்துபோச்சுங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கண்ணன் தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். அத்தோடு சரி. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

"அன்னைக்கு மட்டும் சிரிப்பு வராம இருக்கறதுக்கு ஒரு மாத்திரை குடுக்கா. அதுக்குத்தான் உன்னைய வரச் சொன்னேன்" என்றாள் மரகதம்.

என் கைப்பையில் சாந்தப்படுத்துகிற மாத்திரை இருந்தது. பாதி கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு வந்தது ஆத்திரம். நோயாளி எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? காய்ச்சல்காரன் உடம்பு சுட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறானா? தப்பே செய்யாத மனிதரைத் தட்டத்தோடு நிறுத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று தங்கையிடம் கத்தினேன். அவள் மாவை வழித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு காட்சியைப் பார்த்தேன். வசந்தா அங்கண்ணனாக நின்றுகொண்டிருந்தாள். நஞ்சப்பன் வெற்றிலைத் தட்டத்தை ஏந்திக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சுங்க" என்றார். மறுபடி சொன்னார். மறுபடி. மூன்றாவது தரம் தலையை நிமிர்த்தி மகளின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

"மூஞ்சியப் பாக்காதீங்கப்பா. வெத்தலையப் பாருங்க. காம்பை எண்ணிட்டே சொல்லுங்க" என்றாள் வசந்தா.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். மூளையின் மேலிடம் கீழிடம் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் எதிரே உள்ளவர் முகத்தைப் பார்க்கும்போதுதான் அப்பாவுக்கு வருகிறது, ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தால் வருவதில்லை என்று தானாகவே கண்டுபிடித்திருந்தாள். தினமும் பத்துத் தரம் பழக்குவாளாம். முதலில் பத்தில் எட்டுத் தரம் சிரித்தவர் இப்போது ஒன்றோ இரண்டோதான் சிரிக்கிறார் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த மாப்பிள்ளைப் பையனை அவள் இரண்டு தரம் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது. அதையும் சொன்னாள், காம்பு கிள்ளிக்கொண்டே.

அந்தப் பெண் ஒரு வைத்தியமே கண்டுபிடித்து வைத்திருந்தாள். எனக்கு அது அவமானமாகப்பட்டது. நஞ்சப்பனைக் குரங்கு மாதிரிப் பழக்குகிறார்கள் என்று தோன்றியது.

மறுநாள் கோயமுத்தூருக்குப் போய், ஒரு டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் விவரித்தேன். அவர் நான் சொன்னதையே இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது, "எல்லாம் சரிதானுங்க. இதை யாருகிட்டக் காட்டப்போறீங்க?" என்று கேட்டார். சம்பந்தி வீட்டில் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி வேணுங்களா? சிறுவாணித் தண்ணி" என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் காப்பி கொடுத்தாலும் சோறு போட்டாலும் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவினாசிக்குப் போனோம். நஞ்சப்பன் புது வேட்டி கட்டியிருந்தார். கல்யாணப் பெண் வரக்கூடாது என்று வசந்தா வீட்டிலேயே இருந்துவிட்டாள். கிளம்பும்போது அப்பாவின் காதில், "காம்புங்கப்பா" என்றாள்.

மண்டபத்தில் நாலு பெரியவர்கள், அங்கண்ணன், தூண் ஓரமாக அவருடைய மனைவி. அங்கண்ணன் நான் எதிர்பார்த்த மாதிரி முரட்டு ஆளாக இல்லை. கண் சிவந்திருந்தது. நஞ்சப்பனைப் பார்த்ததும், "வாங்க மாமா, ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்றார். அவர் வெற்றிலையை எடுத்துக்கொள்வதற்குத் தயாராகவே வந்திருந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நஞ்சப்பன் தட்டத்தை ஏந்தினார். கண்கள் காம்பில் இருந்தன. உதடு அசைந்து எண்ணிக்கொண்டிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

"இவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இது தப்பு இல்லை, வியாதி" என்று தொடங்கி, நல்ல தமிழில், பொறுமையாக, எல்லாவற்றையும் விளக்கினேன். மூளை, நரம்பு, இரத்தக் குழாய், அடைப்பு. தறியையும் முள்ளையும் சொன்னேன். டாக்டரின் தாளைக் கொடுத்தேன். இங்கிலீஷ் தெரியாத நாலு பெரியவர்களும் அதை இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். என் பேச்சை யாரும் ஒருதரம்கூடக் குறுக்கிடவில்லை. இவ்வளவு நல்ல சபை எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

நான் முடித்ததும் அங்கண்ணனின் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க அம்மணி, அப்ப வேணும்னு சிரிக்கலைங்களா?"

"இல்லவே இல்லை."

"அய்யோ பாவமே. இது எதுனாலீங்க வருது?"

"பக்கவாதம். மூளைக்குப் போகிற இரத்தம் அடைத்துப்போனதால்."

"வழிவழியா வர்றதுங்களா?"

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. "சில குடும்பங்களில் வரலாம். வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் அவர். பிறகு, இன்னும் அன்பாக, "உங்கப்பாரு எப்படிங்க தவறுனாங்க?" என்று கேட்டார்.

மரகதம் என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் கவனிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். "பக்கவாதத்தில்தான்" என்றேன். என் அப்பா வசந்தாவுக்குத் தாத்தா என்பது சொன்ன பிறகுதான் என் புத்திக்கு எட்டியது.

அங்கண்ணன் எழுந்து வந்து, நஞ்சப்பன் கையிலிருந்த தட்டத்தைத் தானே வாங்கிக் கீழே வைத்து, அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். "நீங்க எதுக்குங்க இதெல்லாம். ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். நஞ்சப்பன் காம்பு எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று அவருக்குச் சிரிப்பு வரவேயில்லை.

அங்கண்ணன் வீட்டில் விருந்து. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஒப்புட்டு என்று இங்கே சொல்லுகிற போளியை மூன்று சாப்பிட்டேன், நெய்யில் தோய்த்து. மரகதம் இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். அப்பா சிரித்தாரா என்றுகூட அவள் கேட்கவில்லை. "வெத்தலை எடுத்தாங்களாம்மா?" என்று கேட்டாள்.

மரகதம் உள்ளே போனாள். "அதுக்கு அவசியமே வரலை கண்ணு. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு" என்றேன் நான். வசந்தா அப்பாவின் கையிலிருந்த தட்டத்தை வாங்கி, வெற்றிலைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அங்கண்ணனே வந்தார். ஒரு பை நிறையக் கமலாப்பழம் கொண்டுவந்தார். நஞ்சப்பனுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, மரகதத்தைப் பார்த்துப் பேசினார். பையனுக்கு இப்போது நேரம் சரியில்லையாம். இரண்டு வருஷம் போகட்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அதற்காக நல்ல பெண்ணைக் காத்துக்கொண்டிருக்கச் சொல்வது பாவம், வேறு நல்ல இடமாக வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வந்தது. அது பொய் நீர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை, வேஷக்காரராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

நஞ்சப்பன் சிரிக்கத் தொடங்கினார். விக்கல், தோள், பிறகு பெரிய சிரிப்பு. சாவு வீட்டில் இதே சிரிப்புக்கு இரண்டு மாதம் உறவு முறிந்திருந்தது. இன்று அங்கண்ணன் அசையவில்லை. பொறுமையாகத் தலையாட்டினார். "பாவம், அவரு என்னங்க பண்ணுவாரு. மூளைங்க" என்று எனக்குச் சொன்னார், நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிப்பது மாதிரி.

சமையலறையில் வசந்தா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது.

விஷயம் சோமனூர் முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அன்பாக வந்தார்கள். அவருக்கு முன்னாலேயே மரகதத்திடம், "ராத்திரி தூங்கறாருங்களா? சொன்னாப் புரியுதுங்களா?" என்று கேட்டார்கள். டீக்கடையில் அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். நூல் தரத்தையும் பாவு நீளத்தையும் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது மரகதத்தைத் தேடிப் போனார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் தறிக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தறி ஓடவில்லை.

"அக்கா, போன வாரம் வரைக்கும் எல்லாரும் எம்மேல கோவமா இருந்தாங்க" என்றார். "இப்ப ஒருத்தருக்கும் கோவமில்லீங்க."

கோபப்படுவதற்கும் மன்னிப்பதற்கும் எதிரே ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனை நான்தான் மண்டபத்தில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வியாதியை உட்காரவைத்தேன். அதற்கு டாக்டரின் கையெழுத்து வேறு.

காலையில் பெட்டி கட்டும்போது வசந்தா என் புடவைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கித்துள் பாணி ஊறிப்போன புடவைகள். வெந்நீரில் நனைத்து, துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருந்தாள்.

"கறை போயிருச்சுங்க பெரியம்மா" என்றாள்.

இந்த ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது. ஸ்டேஷனில் ஒரு போர்ட்டருக்குக்கூடத் தடையில்லாமல் வந்த வார்த்தை. அது என் தொண்டை வரைக்கும் வந்தது. நர்ஸாக இருந்த அத்தனை வருஷமும் படுக்கையோரத்தில் முகத்தை அசையவிடாமல் வைத்திருக்கப் பழகியவள் நான். எங்கள் மேட்ரன் அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறாள். என் மேலிடத்துக் கட்டளை நன்றாகவே வேலை செய்தது.

"நல்ல சோப்புப் போல" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் வசந்தா. பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் அங்கண்ணன் இருந்தார். வியாபார விஷயமாக வாரத்தில் இரண்டு நாள் அவர் சோமனூருக்கு வருகிறவர். என்னைக் கண்டதும் ஓடிவந்து, நஞ்சப்பன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தானே மேலே ஏற்றினார். ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தார். கீழே நின்றுகொண்டு, "அடுத்த தடவை வந்தா நம்ம ஊட்டுல ரெண்டு நாள் தங்கோணும் அம்மணி. உங்களை மாதிரி வெவரமானவங்க வந்து சொன்னதுனாலதான் எங்களுக்கும் தெரிஞ்சுது" என்றார். அவர் அதை நன்றியாகத்தான் சொன்னார்.

அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உங்கள் நன்றியைக் கொண்டுபோய் நொய்யல் ஆற்றில் போடுங்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் என் முகம் மலர்ந்தது. பல் தெரியச் சிரித்தேன். "அவசியம் வாரேனுங்க" என்றேன், அப்பாவின் பேச்சில், தேனாக.

அங்கண்ணன் கும்பிட்டுவிட்டுப் போனார். என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே நஞ்சப்பன் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கும் வருதுங்களா?" என்று கேட்டார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். கண்டக்டர் அவர் சிரித்து ஓயட்டும் என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்து, ஓயாததால் ஊதினார். அது அவருடைய வியாதியா, இல்லை நிஜமாகவே என்னைப் பார்த்துச் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் என்றால், அதில் தப்பில்லை.